குடத்துக்குள் வளர்ந்த பெண்

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் என்றால் எல்லாருக்கும் அறுபத்துமூவர்தான். மத்தியானத்துக்கு மேல் நான்கு மாடவீதியிலும் கால் வைக்க இடமிருக்காது. நீர்மோர்ப் பந்தல், பானகம், பனையோலை விசிறி, தோளில் பிள்ளையைத் தூக்கிய அப்பாக்கள். நான் காத்திருப்பது அன்று காலைக்காக. வெயில் ஏறுவதற்குள் ஞானசம்பந்தரும் சிவநேசரும் கபாலி தீர்த்தத்துப் பக்கம் எழுந்தருள்வார்கள். ஓதுவார் பூம்பாவைப் பதிகத்தைப் பாடுவார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியில் குளத்தங்கரையில் மாலை கட்டுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பதிகம் நிறைவடையும்போது அங்கம் பூம்பாவை உயிர்பெற்று நிற்பாள். மத்தியானம் வரப்போகும் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான் அந்த நேரத்தில் இருக்கும். வருகிறவர்களில் பலர் வயதான பெண்கள்.

இந்த ஊரின் கதைகளில், ஒரு சிறுமி பெரியவளாவதைச் சொல்லும் கதை என்று எடுத்தால் எனக்குத் தெரிந்து இதுதான் மூத்தது. அற்புதம் என்றே இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். மேல்நிலைப்பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த காலம் முழுக்க நான் இதை அற்புதமாக மட்டும் நடத்தியதில்லை. வளர்வது என்றால் என்ன என்று தமிழில் யோசித்துப் பார்த்த கதைகளில் இதுவும் ஒன்று என்று என் மாணவிகளுக்குச் சொல்லிவந்தேன். பூவும் பாம்பும் மரமும் கடலும் இந்தக் கதையில் வேலை செய்யும் விதத்தை, பாடநூல் கொடுத்த பக்கங்களைத் தாண்டியும் பேசினேன்.

கதையை விரிவாகச் சொன்னவர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். குன்றத்தூர்க்காரர், தொண்டைமண்டலத்து மனிதர். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். மயிலாப்பூர் அவருக்குத் தூரத்து ஊர் இல்லை. அவர் சொல்கிறபடி, சிவநேசர் இந்த ஊர் வணிகர், பெரும் செல்வர். அவருடைய மகள் பூம்பாவை. ஞானசம்பந்தரின் புகழைக் கேட்டு, என் மகளும் என் செல்வமும் அவருக்கே என்று சிவநேசர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார். ஏழு வயதில் பூம்பாவை தோழிகளோடு தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறாள். பாம்பு தீண்டுகிறது. விடம் இறக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். பிழைக்கவைப்பவர்களுக்குப் பெரும் பொருள் தருவதாகப் பறையறைவிக்கிறார் அப்பா. பயனில்லை. எரித்த பிறகு சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் சேர்த்துக் கன்னிமாடத்தில் வைக்கிறார். அவளுக்குக் கொடுப்பதாக இருந்த பொன்னும் பட்டும் சந்தனமும் மாலையும் அந்தக் குடத்துக்குப் போகின்றன.

சில வருடம் கழித்து சம்பந்தர் திருவொற்றியூர் வந்திருக்கிறார் என்று தெரிகிறது. மயிலையிலிருந்து ஒற்றியூர் வரை பந்தல் போட்டு அழைத்துவருகிறார் சிவநேசர். கபாலீச்சரத்தின் மதிலுக்கு வெளியே குடத்தைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார் சம்பந்தர். பாடுகிறார். குடம் உடைய, பூம்பாவை எழுந்து நிற்கிறாள். அந்த இடத்தில் சேக்கிழாருக்கு நினைவு வருவது தாமரை மொட்டு அவிழ, அதில் எழும் திருமகள். எழுந்தவளுக்குப் பன்னிரண்டு வயது.

வகுப்பில் இந்த இடம் வந்ததும் மாணவிகள் கேட்டது பாம்பைப் பற்றியோ எலும்பைப் பற்றியோ இருந்ததில்லை. “செத்தப்போ ஏழு வயசுதானே டீச்சர்? எழுந்தப்போ எப்படிப் பன்னெண்டு?” என்பார்கள். நல்ல கேள்வி. உயிர் கொடுக்க முடிந்தவருக்கு, போன ஏழு வயதுக் குழந்தையை அப்படியே கொடுப்பது சுலபமாக இருந்திருக்கும். சேக்கிழார் அதை ஒப்பவில்லை. குடத்திலிருந்த ஐந்து ஆண்டும் அவளுக்குக் கணக்கில் சேர்கிறது. அந்த ஐந்து ஆண்டும் அவளை ஒருவர் பெண்ணாகவே நடத்தினார், அவளுக்கென்று வீட்டில் ஓர் இடம் இருந்தது, பட்டு மாற்றினார்கள், பூச் சூட்டினார்கள். அதனால் அவள் வளர்ந்தாள் என்றே நான் வாசிக்கிறேன். உரைகளில் இதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தகப்பனின் ஐந்து வருடத்து வேலையைச் சேக்கிழார் வீணாக்க விரும்பவில்லை என்பது எனக்கு உறுதி.

இனிப் பதிகத்துக்கு வருவோம். அது 7ஆம் நூற்றாண்டுப் பாட்டு. சேக்கிழாருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு மூத்தது. அதில் பாம்பு தீண்டிய கதை இல்லை. குடம் இல்லை, வயதுக் கணக்கும் இல்லை. பூம்பாவை என்ற ஒருத்தியை விளித்து, இதைப் பார்க்காமலே போய்விடுவாயா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்பது மட்டும் இருக்கிறது. எதைப் பார்க்காமல்? ஊரின் ஆண்டை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள், பொன்னூசல் என்று உரைகாரர்கள் விளக்கும் ஒரு விழா, கடைசியில் பெருஞ்சாந்தி. மயிலாப்பூரின் திருவிழாக்களுக்கு இவ்வளவு பழைய பட்டியல் வேறு இல்லை. கோயில் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதல் ஆவணமாக எடுத்துவைக்கிறார்கள், சரிதான். எனக்கு அது ஒரு குழந்தை தவறவிட்டவற்றின் பட்டியலாகவும் தெரிகிறது. சொர்க்கத்தையோ செல்வத்தையோ காட்டி அவளைக் கூப்பிடவில்லை. அவள் வயதுப் பெண்கள் தெருவில் என்னென்ன பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிக் கூப்பிடுகிறார், தானும் ஒரு சிறுவனாக இருக்கும் சம்பந்தர். அவர் வாழ்ந்ததே பதினாறு ஆண்டு என்பது மரபு.

விழாக்களைச் சுற்றி அந்தப் பாட்டுகளில் வரும் ஊரைப் பாருங்கள். அலை வந்துபோகும் கரை. தென்னை. மழை மேகம் தங்கும் சோலை. வேல் பிடிப்பவர்களின் சேரி. வளையணிந்த கையோடு கார்த்திகை விளக்கு ஏற்றும் பெண்கள், தைப்பூசத்துக்கு நெய்யொழுகப் பொங்கிப் படைக்கும் பெண்கள், பங்குனியில் வீதி நிறைந்து நிற்கும் பெண்கள். மாதம் மாறுவதைக் கடலும் நிலவும் சொல்கின்றன. அதைப் பார்த்துப் பெண்கள் தெருவுக்கு வருகிறார்கள். பெண் பெரியவளாவதை உடம்பை வைத்துச் சொல்லும் வழக்கம் தமிழில் நிறையவே உண்டு. இந்தப் பதிகத்தில் அவள் எத்தனை கார்த்திகை பார்த்தாள், எத்தனை முறை கடலாட்டுக்குப் போனாள் என்பதுதான் வளர்ச்சி. இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? கார்த்திகைக்குக் கோயிலில் சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். மாடவீதியில் அகல் குவியும். மார்கழியில் ஆதிரைக் களி. தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவு தெப்பம். மாசி மகத்தன்று கபாலீசுவரர் மெரினாவுக்குப் போய்த் தீர்த்தவாரி கொடுக்கிறார். நொச்சிக்குப்பத்துக் குழந்தைகள் அலையில் நின்றபடி பார்க்கின்றன. வேல் பிடித்தவர்கள் வாழ்ந்த சேரி என்ற பாட்டை நினைக்காமல் அன்றைக்கு அந்தக் கரையில் நடக்க என்னால் முடியாது. பங்குனிக்குப் பெருவிழா. போய்விட்டது ஐப்பசி ஓணம். ஒரு காலத்தில் மதுரையிலும் ஓணம் கொண்டாடினார்கள் என்று மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இன்று மயிலாப்பூரில் ஓணம் என்றால் மலையாளிகள் வீட்டு விழா, அதுவும் ஆவணியில். பூம்பாவைக்குச் சொன்ன முதல் மாதவிழாவே இந்த ஊருக்கு மறந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

பதிகம் தொடங்குவது புன்னை மரத்தில். கோயிலின் தலமரம் அது. பிராகாரத்தில் இன்றும் நிற்கிறது. அம்பிகை மயிலாக வந்து பூசித்த காட்சியைக் காட்டும் புன்னைவனநாதர் சன்னதி அங்கே இருக்கிறது. பெருவிழாவின் பத்தாம் நாள் திருக்கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பூசையை நடத்திக் காட்டுகிறார்கள். புன்னை கடற்கரை மரம். உப்புக்காற்றைத் தாங்கும், தடித்த, பளபளப்பான இலை, வெள்ளை இதழுக்கு நடுவே பொன்னிறத் தாது. கட்டை படகுக்கு ஆனது, விதையில் எடுத்த எண்ணெய் விளக்குக்கு. காய் உருண்டையாக இருப்பதால் குழந்தைகளுக்குக் கோலி.

அந்தக் காயைச் சுற்றி நற்றிணையில் ஒரு பாட்டு இருக்கிறது, 172ஆவது. பாடியவர் பெயர் தெரியவில்லை. சிறுமிகள் வெண்மணலில் புன்னை விதையை அழுத்தி விளையாடிவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். உன்னைவிட இது நல்ல பிள்ளை, உன் தங்கை இது என்கிறாள் அம்மா. பிற்பாடு பெரியவளான பெண்ணின் தோழி அந்த மரத்தடியில் தலைவனிடம் சொல்கிறாள்: எங்கள் தங்கை நிற்கும் இடத்தில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறது. பூம்பாவைக் கதையை நடத்தும் முன்பு நான் எப்போதும் இந்தப் பாட்டை நடத்துவேன். நெய்தல் நிலத்துப் பெண் வளர்வதற்கு ஒரு மரம் சாட்சியாக வேண்டும் என்று அந்தப் பெயரறியாப் புலவருக்குத் தோன்றியிருக்கிறது. அதே மரத்தை முதல் அடியில் வைத்துத்தான் சம்பந்தரும் பெண்ணை எழுப்பத் தொடங்குகிறார். சம்பந்தர் அந்த நற்றிணைப் பாட்டை மனதில் வைத்துப் பாடினார் என்று நான் வாதிட மாட்டேன். ஒரே கரையில் வாழ்ந்த மக்களுக்கு ஒரே மரம் இரண்டு முறை கைகொடுத்தது, அவ்வளவுதான்.

இன்றைக்குக் கபாலீச்சரத்தில் நின்று கடலைப் பார்க்க முடியாது. சம்பந்தருக்கும், 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதருக்கும் அது கடலோரக் கோயில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிக் கோட்டை கட்டினார்கள். அந்த நூற்றாண்டில் பழைய கோயில் அழிந்தது. சாந்தோம் தேவாலய வளாகத்தில் சோழர்காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பிறகு உள்ளே தள்ளிக் கட்டிய கோயில்தான் இப்போது இருப்பது. கிழக்குக் கோபுரம் எழுந்தது 1906இல். கோயில் இடம்பெயர்ந்தபோது அதோடு சேர்ந்து புன்னையும் வந்திருக்கிறது. கரையில் இயல்பாக முளைக்கும் மரத்தை ஊருக்குள் நட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் கைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இந்த ஊர் வரலாற்றில் எனக்கு மிகவும் வேண்டியவர்கள் அவர்கள்.

எங்கள் வீடு சித்திரக்குளத்துப் பக்கம். பின்கட்டில் கிணறும் மல்லிச்செடியும் பவழமல்லியும் இருந்தன. செடிக்கு ஊற்றுவதும் மொட்டுப் பறிப்பதும் என் வேலை, ஆயா தொடுப்பாள். நான் பெரியவளான மாதம் அந்த வேலை நின்றது. பக்கத்து அறையில் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. நான் பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததும் ஆயா குரல் கொடுத்தாள்: “செடிகிட்டப் போகாதடி, பட்டுப்போயிடும். விளக்கு வெச்ச நேரம், பூச்சி பொட்டு வேற வரும்.” பூச்சி என்றால் பாம்பு, இருட்டில் அந்தப் பெயரை ஆயா சொல்லமாட்டாள். தை மாதம் அது. தெப்பத்தின் மூன்று இரவும் நாதஸ்வரம் வீடு வரை கேட்டது. அம்மா போகலாம் என்றுதான் நினைத்தாள், ஆயாவை எதிர்த்துச் சொல்லவில்லை. பின்னால் ஆசிரியையாகிப் பெரியபுராணத்தை ஊன்றிப் படித்தபோது, பூச்செடியும் பாம்பும் திருவிழாவைத் தவறவிட்ட பெண்ணும் ஒரே இடத்தில் வந்து நின்றதும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயாவின் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அவள் மாமியார் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பழக்கத்தின் மேல் கோபம் உண்டு, இன்றும் உண்டு.

ஆயாவின் தலைமுறைக்குப் பன்னிரண்டு வயது என்பது கதையில் இருப்பதுபோல் எழுந்து நிற்கும் வயதாக இருக்கவில்லை. வீட்டுக்குள் போய் அடங்கும் வயதாக இருந்தது. இந்த ஊரிலேயே அதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ஆர்.எஸ். சுப்பலட்சுமி 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயது வாக்கில் கல்யாணம். கொஞ்ச நாளில் கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்து வழக்கப்படி அவருடைய வாழ்வு ஒரு மூலையில் முடிந்திருக்க வேண்டும். அவருடைய அப்பாவும் சித்தியும் முடியவிடவில்லை. வீட்டிலேயே படிக்கவைத்தார்கள், பிறகு பள்ளி, கல்லூரி. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி அவர். மறு ஆண்டே பால்ய விதவைகளுக்கான வேலையைத் தொடங்கினார். அவர் நடத்திய விடுதி மெரினாவில், ஐஸ்ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. தலை மழித்து வீட்டுப் பின்கட்டில் வைத்திருந்த சிறுமிகள் கடலுக்கு எதிரே இருந்த அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். படித்து ஆசிரியைகளாகப் போனார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் வந்து பெண்ணின் வயதைப் பதினான்கு என்று வைத்தபோது, அந்தக் கட்டடத்துப் பெண்களில் பலருக்கு அது காலம் கடந்த செய்தி. 1956இல் மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தொடங்கியதிலும் சுப்பலட்சுமிக்குப் பங்குண்டு. சிவநேசரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுப்பலட்சுமியின் அப்பாவும் நினைவுக்கு வருவார். குடத்தைத் தள்ளிவைக்காமல் கன்னிமாடத்தில் வைத்த கை அது.

கதையின் முடிவில் எனக்கு ஒரு குறை இருந்தது. சிவநேசர் மகளை மணந்துகொள்ளும்படி சம்பந்தரிடம் கேட்கிறார். நான் எழுப்பியவள் எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிடுகிறார். பதினாறு வயதைத் தொடாத பையன் பன்னிரண்டு வயதுப் பெண்ணை மகள் என்கிறான்! வேறு யாருக்கும் அவளைக் கொடுக்க மனமில்லாமல் சிவநேசர் கன்னிமாடத்தில் இருக்கவிடுகிறார். தவமிருந்து அவள் சிவனடி சேர்கிறாள். திரும்பவும் அதே மாடமா என்று என் மாணவிகள் சலித்துக்கொள்வார்கள். நானும் நீண்டகாலம் அப்படித்தான் நினைத்தேன். சேக்கிழார் காலத்தில் கல்யாணமாகாமல் ஒரு பெண் வாழ்ந்துமுடிப்பதற்கு அவருக்குக் கிடைத்த மரியாதையான வடிவம் அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனாலும் அந்த விழாக்களையெல்லாம் அவள் பார்த்தாளா என்று சேக்கிழார் ஒரு வரி சொல்லியிருக்கலாம். பதிகம் முழுக்க அதற்குத்தானே கூப்பிட்டது.

தீட்டு என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை இன்றும் விழாவுக்கு அனுப்பாத வீடுகள் மயிலாப்பூரில் இருக்கின்றன. மந்தைவெளியில் இருக்கின்றன, அடையாற்று அடுக்குமாடிகளில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எலும்பையும் சாம்பலையும்விடப் பெரிய தீட்டு நம் சாத்திரத்தில் எது? அந்தக் குடத்தைச் சம்பந்தர் கொண்டுவரச் சொன்னார். மதிலுக்கு வெளியே வைத்தார்கள், அவரும் வெளியே நின்று பாடினார், அதன் முன்னாலேயே இந்த ஊரின் திருவிழாக்களை எடுத்துச் சொன்னார். எட்டாம் நாள் காலை நிகழ்ச்சியும் குளக்கரையில், எல்லாரும் நடக்கும் தெருவை ஒட்டித்தான் நடக்கிறது. வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் பெண் இருந்தால், அன்றைக்கு அவளுக்கு எந்த நாளாக இருந்தாலும் சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு கேட்டு எழுதிக்கொடுங்கள். வெயில் ஏறுமுன் வந்துவிட்டால் ஓதுவாருக்கு அருகிலேயே நிற்க இடம் கிடைக்கும்.